காலியாகத் தெரியும் சேனல் காலியில்லை: அடுக்குமாடி வீட்டுக்கு எந்த வைஃபை சேனல்?

ராத்திரி எட்டரை மணிக்கு மேல்தான் இந்தப் புகார் கிளம்பும். காலையில் பறந்த நெட், சாப்பாட்டு நேரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பார்கள். பண்ணினால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பழைய கதை. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் விஷயம் இதுதான். யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார்: ‘சேனலை மாத்திப் பாருங்க சார்.’ எந்தச் சேனலுக்கு என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சொல்லாததில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது மாடி வீட்டுக்குச் சரியான சேனல் தரைத்தள வீட்டுக்குச் சரியாக இருக்காது. ஆனால் தேர்வுகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க ஒரு முறை உண்டு. சேனல் என்பது ரவுட்டர் பேசும் அலைத் துண்டின் எண். 1, 6, 11 என்ற வழக்கமான மூன்றில் ஒன்று. இடையில் காலியாகத் தெரியும் 3, 4, 8, 9. பலரும் தொடாத 12, 13. ரவுட்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோ. இல்லையென்றால் இந்தச் சேனல்கள் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே விட்டு மொத்தமாக 5 கிகாஹெர்ட்ஸுக்குக் குடிபெயர்வது. இவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. குற்றவாளி வைஃபைதானா என்று பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கேபிளிலும் மந்தம் என்றால் அது வெளியிலிருந்து வரும் இணைப்பின் கோளாறு. சேனலை ஆயிரம் முறை மாற்றினாலும் சரியாகாது. கேபிள் கையில் இல்லையா? பிங் போதும்: ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சோதனை. முதலில் ரவுட்டரின் சொந்த முகவரிக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அந்தப் பாதையில் உங்கள் வீட்டுக் காற்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. பதில் 3, 4 மில்லிசெகண்டில் சீராக வந்தால் காற்றில் பழுதில்லை. 4, 6, 180, 5, 240, பிறகு பதிலே இல்லை என்று துள்ளினால் கோளாறு காற்றில்தான். இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள். கடைசியில் சேனலைத் தீர்மானிக்கப் போவதும் இதுதான்.

ஐந்தடிக்கு ஒரு பந்தல்

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று நாம் சொல்வது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டு. மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். இதற்குள் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள். ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் பதின்மூன்று எண்களை வரிசையாகப் பார்த்ததும் பதின்மூன்று தனித்தனி அறைகள் என்றுதான் தோன்றும். குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1ஆம் சேனலின் நடுப்புள்ளி 2,412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தது 2,417. அதற்கடுத்தது 2,422. ஐந்து ஐந்தாகத்தான் நகரும். ஆனால் ஒரு வைஃபை சிக்னல் அடைக்கும் இடம் 20 மெகாஹெர்ட்ஸ். இருபதடி அகலப் பந்தல்களை ஐந்தடிக்கு ஒன்றாகக் கால் நட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும். தொடாமல் நிற்க வேண்டுமானால் நான்கு ஐந்து எண்கள் தள்ளிப் போக வேண்டும். 1, 6, 11 என்ற கணக்கு இப்படித்தான் வந்தது: நடுப்புள்ளிகள் 2,412, 2,437, 2,462. அமெரிக்காவில் 11 சேனல்தான் புழக்கத்தில் என்பதால் அங்கே இதைத் தவிர வழியில்லை. உலகமெங்கும் ரவுட்டர்கள் அதே பழக்கத்தில் ஊறிவிட்டன.

இப்போது போனில், சுற்றியிருக்கும் நெட்வொர்க் ஒவ்வொன்றையும் ஒரு வளைவாகக் காட்டும் வைஃபை அனலைசர் செயலியைத் திறக்கிறீர்கள். 1இல் ஏழெட்டு வளைவுகள், 6இல் ஐந்தாறு, 11இல் ஒரு கூட்டம். 4க்கு மேலே மட்டும் வெறிச்சென்று இருக்கிறது. காலியிடம் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? பஸ்ஸில் துண்டு போடுகிற வேகத்தில் 4க்கு மாற்றிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருப்பதாகவே மனம் சொல்லும்.

ஆனால் எல்லாத் தேர்வுகளிலும் மோசமானது இதுதான். காரணம் வைஃபை பேசும் விதத்தில் இருக்கிறது.

வைஃபைக் கருவி எதுவும் எடுத்தவுடன் பேசாது, முதலில் கேட்கும். அதே சேனலில் இன்னொருவர் பேசுவது காதில் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அவர் முடித்ததும் சின்ன இடைவெளி விட்டுத் தன் முறையை எடுக்கும். ரேஷன் கடை வரிசை மாதிரி. நேரம் ஆகும், ஆனால் முறை வரும், அரிசியும் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சேனலிலேயே இருப்பதால் உண்டாகும் நஷ்டம் இவ்வளவுதான்: காற்றின் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள்.

பாதி ஏறி நிற்கும் சேனலில் இந்த ஒழுங்கு உடைந்துபோகிறது. 6இல் இருப்பவர் பேசுவது 4இல் இருக்கும் உங்கள் ரவுட்டருக்குப் புரியாது. அதற்கு அது பேச்சே இல்லை, வெறும் இரைச்சல். வைஃபைத் தரத்தில் இதற்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன. புரியக்கூடிய வைஃபைப் பேச்சு என்றால், மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்திலிருந்து விலக விலக மெலிவு) அளவுக்கு மெலிந்து கேட்டாலும் கருவி ஒதுங்கி நிற்க வேண்டும். புரியாத இரைச்சல் என்றால் மைனஸ் 62 வரை அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இடையில் 20 டெசிபல். சக்தியில் சொன்னால் நூறு மடங்கு. அதாவது பாதி ஏறி நிற்கும் அண்டை வீட்டு சிக்னல் நூறு மடங்கு ஓங்கி ஒலிக்கும்வரை உங்கள் ரவுட்டர் மரியாதை காட்டாமல் அதன் மேலேயே பேசும். அதுவும் இப்படியே உங்கள் மேல் பேசும். இரண்டு பக்கமும் தகவல் சிதையும், திரும்ப அனுப்பப்படும், வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பப்படும். ஆடி மாதம் ஒரே தெருவில் இரண்டு அம்மன் கோவில்கள் எதிரெதிரே ஒலிபெருக்கி கட்டினால் எந்தப் பாட்டும் காதில் விழாதே, அந்த நிலைதான்.

4இல் உட்கார்பவர் தனக்கு மட்டும் கேடு செய்துகொள்ளவில்லை. அவருடைய 20 மெகாஹெர்ட்ஸ் 2,417 முதல் 2,437 வரை நீள்கிறது. 1ஐயும் கொஞ்சம் கடிக்கும், 6இல் சரிபாதியைக் கடிக்கும். இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் முழங்கையை நீட்டுகிறவர் மாதிரி. 3, 8, 9 எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்பு. சுற்றிலும் வைஃபையே இல்லாத தனி வீடு என்றால் எந்த எண்ணானாலும் சரி. ஆனால் அந்த வீட்டுக்காரர் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்.

13இன் ஆசை

12, 13 இரண்டும் நம் ஊரில் அனுமதிக்கப்பட்டவை. அனலைசரில் பார்த்தால் பெரும்பாலும் ஆளே இருக்காது. 13இன் நடுப்புள்ளி 2,472. அது 2,462 முதல் 2,482 வரை பரவும். 11 எதுவரை பரவும்? 2,472 வரை. ஆக 11இல் ஓங்கி ஒலிக்கும் அண்டை வீடு இருந்தால் 13உம் பாதி ஏறிய பந்தல்தான். 11இல் எல்லாமே மெலிந்து கேட்கும் வீட்டில், மேல்மாடி மூலை வீடுகளில் பல சமயம் அப்படி அமையும், 13 நல்ல தேர்வு. 12ஐ எடுத்துக்கொண்டு பேச ஒன்றுமில்லை. 11ஓடு அதற்கு இன்னும் நெருக்கம்.

1, 5, 9, 13 என்று நான்காகப் பிரித்துக்கொள்ளலாமே என்று இணையத்தில் வாதிடுகிறவர்கள் உண்டு. கணக்கு சரிதான், 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வந்துவிடும். ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம் என்று எல்லா ரவுட்டரும் ஒருவர் கையில் இருந்தால் செய்யலாம். இருபத்துநான்கு வீட்டுக்காரர்களை ஒரு பார்க்கிங் விஷயத்தில் ஒத்துப்போக வைக்க முடியாத இடத்தில் இது நடக்காது.

13இல் இன்னொரு சங்கடம். அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ கொண்டுவந்த லேப்டாப்போ டிவி குச்சியோ வீட்டில் இருந்தால், அது 12, 13ஐப் பார்க்காமலே போகலாம். ‘எல்லா போனிலும் வருது, இதுல மட்டும் நம்ம வைஃபை பேரே காட்டல’ என்று யாராவது சொன்னால் முதலில் சேனல் எண்ணைப் பாருங்கள்.

தலையை எண்ணாதீர்கள்

ஆக அடுக்குமாடியில் 2.4க்குள் கேள்வி சுருங்கிவிடுகிறது: 1, 6, 11. இவற்றில் எது? ‘குறைவான நெட்வொர்க் இருக்கும் சேனலை எடு’ என்பது எல்லோரும் தரும் அறிவுரை. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

டிபிஎம் கணக்கை ஒரு நிமிடம் பார்ப்போம். எண் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க பலம். 3 கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. மைனஸ் 50இல் கேட்கும் ஒரு நெட்வொர்க், மைனஸ் 80இல் கேட்பதைவிட ஆயிரம் மடங்கு பலமானது. உங்கள் ரவுட்டரின் சிக்னல் வரவேற்பறையில் மைனஸ் 45 என்றால், மைனஸ் 88இல் முனகும் நான்கு நெட்வொர்க்குகளால் பெரிய தொல்லையில்லை. மைனஸ் 55இல் ஒலிக்கும் ஒன்றே ஒன்று போதும் வரிசையை நிறுத்தி வைக்க.

பலம் மட்டும் பார்த்தாலும் போதாது. அந்த நெட்வொர்க் எவ்வளவு நேரம் பேசுகிறது என்பதுதான் காசு. நெரிசல் என்பது காற்றில் செலவாகும் நேரம். பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீட்டின் ரவுட்டர் பலமாகக் கேட்டாலும், தன் பெயரை அறிவிக்கும் பீக்கனைத் தவிர வேறெதையும் அனுப்பாது.

அந்த பீக்கனையும் லேசாக விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வைஃபை பெயரும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, நொடிக்குப் பத்துத் தடவைக்குச் சற்றுக் குறைவாக, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். 2.4இல் பழைய ‘பி’ வகைக் கருவிகளையும் ஏற்கும்படி ரவுட்டர் அமைந்திருந்தால், அந்த அறிவிப்பு நொடிக்கு 1 மெகாபிட் என்ற ஆதிகால வேகத்தில்தான் போகும். 250 பைட் பீக்கன் ஒன்றுக்கு இரண்டு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். நொடிக்குப் பத்து என்றால் காற்றின் நேரத்தில் ஏறக்குறைய 2 சதவீதம், ஒரே பெயருக்கு. ஒரு சேனலில் நன்றாகக் கேட்கும் இருபது பெயர்கள் இருந்தால், யாரும் ஒரு வீடியோகூடப் பார்க்காமலே 40 சதவீதம் போயிற்று. அதனால்தான் தலை எண்ணும் அறிவுரையில் பாதி உடன்பாடு என்றேன். விருந்தினருக்கு ஒரு பெயர், கேமராவுக்கு ஒரு பெயர், மாடிக்கு ஒரு பெயர் என்று ஒரே ரவுட்டரில் நான்கு பெயர் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். ரவுட்டரில் ‘பி/ஜி/என்’ என்பதை ‘ஜி/என்’ என்று மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். ‘பி’ மட்டும் தெரிந்த கருவி இன்று உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சில ரவுட்டர்கள் பீக்கனிலேயே ‘சேனல் யூட்டிலைசேஷன்’ என்று 0 முதல் 255 வரை ஓர் எண்ணைச் சொல்லிவிடும். சேனல் எவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று அந்த ரவுட்டரே அளந்து தரும் கணக்கு அது. சில அனலைசர் செயலிகள் அதைச் சதவீதமாகக் காட்டும். அண்டை வீட்டு ரவுட்டர் ஒன்றாவது இதைச் சொன்னால் அந்த எண்ணை நம்புங்கள். வளைவுகளின் எண்ணிக்கையைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் அமைத்தவை, ஆனால் இந்த வடிவத்தை எந்த அடுக்குமாடியிலும் பார்க்கலாம். இரவு ஒன்பது மணி. 1இல் ஏழு நெட்வொர்க்; பலமானது மைனஸ் 58, மற்றவை 75க்குக் கீழே. 6இல் நான்குதான், ஆனால் ஒன்று மைனஸ் 49, சுவருக்கு அந்தப் பக்கம். 11இல் ஒன்பது, பலமானதே மைனஸ் 71. இவை போக 9இல் ஒரு புண்ணியவான், மைனஸ் 63.

தலையை எண்ணினால் 6. பலத்தைப் பார்த்தால் 11. ஆனால் அந்த மைனஸ் 49 வீட்டில் இரண்டு டிவி, கல்லூரிப் பையன்கள் இருவர். 6 அவர்களுக்கே இருக்கட்டும். 11இன் மேல் 9 பாதி ஏறி நிற்கிறது, புரியாத இரைச்சலாக. அவரிடம் போய் ‘11க்கு வந்துவிடுங்கள், இரண்டு பேருக்கும் நல்லது’ என்று சொல்ல முடிந்தால் நான் 11ஐ எடுப்பேன். முடியாவிட்டால் 1. அங்கே மைனஸ் 58இல் ஒலிப்பது மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போயிருக்கும் தம்பதியின் வீடு. ரவுட்டர் மட்டும் கேமராவுக்காக எரிந்துகொண்டிருக்கிறது. இந்தத் தகவலை எந்த அனலைசரும் தராது, வாட்ச்மேன் தருவார்.

அளப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. நெட் மந்தமாகும் நேரத்தில் அளக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு எல்லாச் சேனலும் நல்ல சேனல்தான். ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருமுறை, இரண்டும் வேண்டும். படுக்கையறையில் உங்கள் போனுக்குக் கேட்கும் அண்டை வீடு, கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்குக் கேட்காமல் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி இரண்டு நிமிடத்தில் நான்கு முறைதான் தேட முடியும் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. திரையில் வளைவு அசையவில்லை என்று அவசரப்படாமல் கொஞ்சம் நில்லுங்கள். ஐபோனில் இப்படிப்பட்ட செயலிகளுக்கு அனுமதி கிடையாது. ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியை நிறுவி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் பட்டியல் கிடைக்கும்.

அனலைசருக்குத் தெரியாத எதிரிகள்

அனலைசர் வைஃபையை மட்டும்தான் பார்க்கும். மைக்ரோவேவ் அடுப்பை அதற்குத் தெரியாது. அடுப்பு வேலை செய்வது 2,450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அதாவது 8க்கும் 9க்கும் நடுவில். அதன் கதவிலிருந்து கசியும் மிகச் சிறு பங்குகூட ரவுட்டருக்கு இடிமுழக்கம். அதற்கு மிகத் தொலைவில் இருப்பது 1. அடுக்களைச் சுவரை ஒட்டி ரவுட்டர் இருந்தால் 6, 11ஐவிட 1க்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள். இதில் வேடிக்கை ஒன்று: சாதாரண அடுப்பு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம்தான் அலையை உமிழ்கிறது. பத்து மில்லிசெகண்டு கத்தும், பத்து மில்லிசெகண்டு ஓயும். அந்த ஓய்வு நேரத்தில் வைஃபை தத்தித் தத்திப் பிழைத்துக்கொள்ளும். நெட் முழுக்க நிற்காமல் திக்கித் திணறுவது அதனால்தான்.

புளூடூத் நாம் நினைக்கும் அளவுக்குக் கெட்டதில்லை. அது 79 குறுஞ்சேனல்களில் நொடிக்கு 1,600 தடவை தாவும். வைஃபை இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டு விலகித் தாவவும் அதற்குத் தெரியும். யாரும் சந்தேகப்படாத ஆள் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். அதன் கேபிளும் இணைப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை வெளியிட்டது. ரவுட்டரின் பின்னால் பென் டிரைவோ டிஸ்க்கோ செருகியிருந்தால் ஒருமுறை கழற்றிவிட்டு பிங் பாருங்கள். சேனல் மாற்றமே தேவைப்படாமல் போகலாம்.

ஆட்டோ

சோம்பேறிகளின் தேர்வு என்று இதைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விடாமல் காற்றைக் கவனித்து, ஆளில்லாத நேரமாகப் பார்த்து மாறும் நல்ல ரவுட்டர்கள் உண்டு. ஆனால் இணைப்போடு சேர்த்துக் கொடுக்கப்படும் மலிவுப் பெட்டிகள் பல, ஆன் ஆகும்போது ஒருமுறை பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அதோடு மறந்துவிடும். நம் ஊரில் பெட்டி எப்போது ஆன் ஆகும்? கரண்ட் போய் வரும்போது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டு ரவுட்டர்களெல்லாம் ஒரே நொடியில் கண் விழிக்கின்றன. ஒவ்வொன்றும் காற்றைப் பார்க்கிறது. மற்றவை இன்னும் பேச ஆரம்பிக்காததால் எல்லாச் சேனலும் காலியாகத் தெரிகிறது. பிறகு ஒரு பகுதி கூட்டமாக ஒரே இடத்தில் போய் விழுகிறது. கரண்ட் வந்த பிறகு நெட் வழக்கத்தைவிட மந்தம் என்று தோன்றினால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். அப்போது ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற கஸ்டமர் கேர் மந்திரம் உண்மையிலேயே பலிக்கும். இம்முறை உங்கள் பெட்டி விழிக்கும்போது மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்களே.

2.4க்கு என் முடிவு: கையால் போடுவது மேல். மூன்றில் ஒன்றுதான், அதற்குமேல் ஆராய்ச்சி இல்லை.

5 கிகாஹெர்ட்ஸ்: இடம் நிறைய, சுவரும் நிறைய

உண்மையில் 2.4இல் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் அது குடிசையைப் பெருக்கி அரண்மனை ஆக்குகிற வேலைதான். 83.5 மெகாஹெர்ட்ஸ் எங்கே, 605 எங்கே? 2018 அக்டோபரில் மத்திய அரசு 5,150 முதல் 5,350 வரையும், 5,470 முதல் 5,875 வரையும் உரிமம் தேவையில்லாமல் திறந்துவிட்டது. மேலும் இங்கே சேனல் எண்கள் நான்கு நான்காகத் தாவுகின்றன: 36, 40, 44, 48. ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதால், பாதி ஏறிய பந்தல் என்ற தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

விலை சுவரில் கட்ட வேண்டும். வெட்டவெளியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிட ஏறக்குறைய 7 டெசிபல் குறைந்து வந்து சேரும். நம் வீட்டுச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதற்குமேல் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கூடத்தில் பறக்கும் 5 கிகா, இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில் நொண்டும். ஆனால் இதே சுவர்தான் பக்கத்து வீட்டு 5 கிகாவையும் தடுக்கிறது. அடுக்குமாடியில் சுவர் நமக்கு நண்பன். இந்த ஒரு காரணத்துக்காகவே, ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் இருக்கும் டிவி, லேப்டாப், போன் எல்லாவற்றையும் 5க்குத் தள்ளிவிடச் சொல்வேன்.

இதற்குள் மூன்று பேட்டை. கீழே 36 முதல் 48. மேலே 149 முதல் 165. நடுவில் 52 முதல் 144. கீழ், மேல் இரண்டும் தொல்லையில்லாதவை என்பதால் பெரும்பாலான ரவுட்டர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அனலைசரில் 36 நிரம்பி 149 காலியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டும் நிரம்பி வழிந்தால் 165ஐப் பாருங்கள். அது நான்கு சேனல்களை ஒட்டி அகலமாக்கும் 80 மெகாஹெர்ட்ஸ் கூட்டணி எதிலும் சேராமல் ஓரத்தில் தனியாக நிற்கும் 20 மெகாஹெர்ட்ஸ் துண்டு. வேகச் சோதனையில் பெரிய எண் காட்டாது. வீடியோ கால் திக்காமல் ஓடும்.

நடுப் பேட்டையில் இடம் தாராளம், ஆளும் குறைவு. ஆனால் அங்கே ராடாருக்குத்தான் முன்னுரிமை. ரவுட்டர் அங்கே நுழைவதற்கு முன் ஒரு நிமிடம் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். நடுவில் ராடார் சத்தம் போல எதையாவது கேட்டால் பத்து நொடிக்குள் சேனலைக் காலிசெய்துவிட்டு, அரை மணி நேரம் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் இது நடந்தால் வீட்டில் உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் வானிலை ராடாருக்குப் பயப்பட வேண்டாம். அது எஸ்-பேண்டில், 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸுக்குள் இயங்குவது. 5க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரவுட்டர்கள் சில நேரம் இல்லாத ராடாரை இருப்பதாக நினைத்துக்கொண்டும் ஓடும். தவிர, சில டிவிகளும் டிவி குச்சிகளும் இந்த நடுச் சேனல்களைப் பார்ப்பதே இல்லை. உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாம் பார்த்தால், ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். வெளியேற்றம் எதுவும் நடக்கவில்லையென்றால் அடுக்குமாடியில் இதைவிட அமைதியான இடம் கிடையாது.

அகலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் போடுவது, இருக்கிற மூன்று பந்தலில் இரண்டை ஒருவரே வளைப்பது. 20ஐத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். 5இல் 80 போட்டால் வேகம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நடுப் பேட்டையை விட்டுவிட்டால் மொத்தமே இரண்டு 80தான் இருக்கிறது. 36 முதல் 48 ஒன்று, 149 முதல் 161 ஒன்று. அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் கேட்கும் இரைச்சலும் 3 டெசிபல் கூடுகிறது. அதனால் தூரத்து அறை முதலில் விழும். வீட்டு இணைப்பு 100 மெகாபிட்தான் என்றால் 80 எதற்கு? 40 போதும், பின்னறையில் நின்று பிடிக்கும்.

6 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே என்பவர்களுக்கு: அமெரிக்கா 2020இல் 1,200 மெகாஹெர்ட்ஸை அப்படியே திறந்துவிட்டது. இங்கே அதன் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸுக்கு 2025 மே மாதம் வரைவு விதிகள் வெளிவந்தன. அதற்கேற்ற ரவுட்டரும் போனும் இரண்டும் கையில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு.

ஆகவே மேலே சொன்ன வீட்டில் நான் போடுவது இதுதான். 2.4ஐ 1இல், 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, கதவுக் கேமரா, ஸ்மார்ட் பல்பு, பின்னறைப் போன் இவற்றுக்கு ஒதுக்குவேன். 5க்கு வேறு பெயர் வைத்து 149இல், 40 மெகாஹெர்ட்ஸில் டிவியும் லேப்டாப்பும். பிறகு இரவு ஒன்பது மணிக்கு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ரவுட்டருக்கு இருநூறு பிங். அதிகபட்ச எண்ணையும் தொலைந்த எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். மறுநாள் அதே நேரம் 11இல் வைத்து இன்னொரு இருநூறு. இரண்டு நாள் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது மேல் என்று வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கா போனவர்கள் திரும்பி வந்ததும் 1ஐ மறுபடி அளக்க வேண்டியிருக்கும். அதற்குள் 9இல் இருக்கும் அந்த மனிதரை லிஃப்ட்டில் ஒருமுறையாவது பிடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.